மீட்டரைப் பார்க்காதீர்கள், குனிந்து அடியில் பாருங்கள்

"ஜப்பான் வண்டி, ஆயில் மட்டும் ஒழுங்காக மாற்றினால் போதும், எத்தனை வருஷமானாலும் ஓடும்." பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படுகிறவர் காதில் முதலில் விழுவது இந்தப் பேச்சுதான். இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பித்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

தினமும் ஓட்டுவதற்கென்று இந்த வகையில் ஒரு கார் தேடுகிறவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பது மாஸ்டாவின் சின்ன இரண்டு இருக்கைக் காரிடம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான அது, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர், அமெரிக்காவில் மியாட்டா, மற்ற நாடுகளில் எம்எக்ஸ்-5 என்று விற்பனையானது. கண்ணைத் திறப்பதுபோல மேலெழும் முகப்பு விளக்குகள் கொண்ட முதல் தலைமுறை 1997 வரை வந்தது. 4 லட்சத்துக்கும் அதிகமாக விற்றது.

இதன் எஞ்சினைப் பற்றி ஊர் சொல்வது சரிதான். முதலில் 1.6 லிட்டர், 1993-இலிருந்து 1.8 லிட்டர், இரண்டுமே முரட்டு உழைப்பாளிகள். ஓடும்போது டைமிங் பெல்ட் அறுந்தால் பல கார்களில் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். இதில் அவை மோதிக்கொள்ளாதபடி இடைவெளி விட்டே வடிவமைத்திருக்கிறார்கள். வண்டி நடுத்தெருவில் நிற்கும், அவ்வளவுதான். புது பெல்ட் போட்டால் மறுபடி ஓடும். இந்தக் கார்களைக் குப்பைக்கு அனுப்புவது பெரும்பாலும் எஞ்சின் அல்ல, துரு.

அந்தத் துரு பிடிக்கும் விதம் வாங்குகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. மடக்கும் துணிக்கூரையில் விழும் மழைத்தண்ணீர் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில் சேர்ந்து, இரு பக்கமும் இரண்டு குழாய்கள் வழியாக இறங்கி, பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் தரையில் சொட்ட வேண்டும். இலைச் சருகும் தூசியும் சேர்ந்து குழாயை அடைத்துவிட்டால் தண்ணீர் போக வழியில்லை. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகட்டுப் பகுதிக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கத் தொடங்குகிறது. வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே தகடு அப்பளமாகியிருக்கும்.

சோதிப்பது எளிது. ஒரு டம்ளர் தண்ணீரை அந்த வாய்க்காலில் மெதுவாக ஊற்றிவிட்டு, குனிந்து அடியில் பார்க்க வேண்டும். தண்ணீர் தடையில்லாமல் சொட்டினால் நல்லது. சொட்டாவிட்டால், பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள கீழ்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கலாம். கையில் ஒரு சின்னக் காந்தம் இருந்தால் இன்னும் நல்லது. பட்டி பூசி மறைத்த இடத்தில் அது சரியாக ஒட்டாது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடிக்க ஆகும் செலவில் பல இடங்களில் பழைய எஞ்சின் ஒன்றையே வாங்கிவிடலாம்.

டிக்கியையும் திறந்து பார்க்க வேண்டும். இந்தக் காரில் பேட்டரி அங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலையில் வைத்தது, வாயு வெளியேறத் தனிக் குழாய் உள்ள மூடிய வகை. காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று யாராவது சாதாரண பேட்டரியை வைத்திருந்தால், கசிந்த அமிலம் அடித்தகட்டைத் தின்றிருக்கும்.

"ஜப்பானிலிருந்து நேரே வந்தது, துருவே இருக்காது" என்பது அடுத்த நம்பிக்கை. ஹொக்கைடோவிலும் ஜப்பான் கடலோரப் பனிப் பகுதிகளிலும் குளிர்காலச் சாலைகளில் உப்பு தூவுகிறார்கள். அங்கே ஓடிய வண்டியின் அடிப்பாகம் அதற்குரிய விலையைக் கொடுத்தே தீரும். ஷாகென் என்னும் கட்டாயப் பரிசோதனை கடுமையானதுதான். புதுக் காருக்கு மூன்று ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் வரும். ஆனால் அது வண்டி அன்றைக்குச் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் சோதனை. மூடிய தகட்டுக்குள் ஒளிந்திருக்கும் அரிப்புக்கு அது உத்தரவாதம் தராது.

ஜப்பானிய ஏல நிலையத்திலிருந்து வரும் காருக்கு ஒரு தாள் உண்டு. எல்லோரும் அதன் மூலையில் உள்ள மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கார் வரைபடத்தில் குறித்திருக்கும் எழுத்துகளை. ஏ கீறல், யு நெளிவு, டபிள்யு பழுது பார்த்த தடம், எஸ் துரு, சி அரிப்பு. மதிப்பெண் இருக்கும் இடத்தில் ஆர் இருந்தால், உடற்சட்டம் அடிபட்டுப் பழுது பார்த்த வண்டி என்று பொருள்.

பெரும்பாலானவர்களை ஏமாற்றுவது மீட்டர். குறைந்த கிலோமீட்டர் ஓடிய கார்தான் நல்லது என்ற எண்ணம் ஐந்து வயதுக் காருக்குப் பொருந்தலாம், முப்பது வயதுக் காருக்குப் பொருந்தாது. ரப்பர் ஓடினாலும் கெடும், நின்றாலும் கெடும். நிறுத்தியே வைத்திருந்த ரோட்ஸ்டரில் பின்பக்க பிரேக் காலிப்பர் இறுகிக்கொள்ளும். ஹோஸ்கள் வெடிக்கும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மேல்தொட்டி கறுப்பு நிறம் மாறிப் பச்சை கலந்த பழுப்பாகும். பானெட்டைத் திறந்ததும் அந்த நிறம் தெரிந்தால், அது பிளக்கும் நாள் தூரத்தில் இல்லை. நாற்பதாயிரம் கிலோமீட்டரோடு ஷெட்டில் பத்து வருடம் தூங்கிய காரைவிட, இரண்டு லட்சம் ஓடி, ஒவ்வொரு வேலைக்கும் பில் வைத்திருக்கும் கார் மேலானது. தினமும் ஓட்டுவது பழைய காரைக் கெடுத்துவிடும் என்ற பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

உதிரிபாகம் கிடைக்காது என்பார்கள். ரோட்ஸ்டர் விஷயத்தில் இது தவறு. மாஸ்டாவே 2017-இல் முதல் தலைமுறைக்கான புதுப்பிப்புத் திட்டத்தை அறிவித்து, துணிக்கூரை, நார்டி மர ஸ்டியரிங் என்று பல பாகங்களை மறுபடி தயாரித்தது. அந்தக் காலத்து பிரிட்ஜ்ஸ்டோன் டயர்கூட அதே 14 அங்குல அளவில் திரும்பி வந்தது. நிஸ்ஸான் ஆர்32 ஜிடி-ஆருக்கும், டொயோட்டா சுப்ரா, ஏஇ86 போன்றவற்றுக்கும் இப்படிப் பாகங்கள் தயாரிக்கின்றன. ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, கைக்கு எட்டும் விலையில் இருப்பது வேறு. லட்சக்கணக்கில் விற்ற ரோட்ஸ்டருக்கு வெளிக் கம்பெனிகளும் பாகம் செய்கின்றன. சுமார் 44 ஆயிரம் மட்டுமே வந்த ஆர்32 ஜிடி-ஆருக்கு அந்த வசதி குறைவு.

மாஸ்டாவின் இன்னொரு பிள்ளையான ஆர்எக்ஸ்-7 பற்றி, ரோட்டரி எஞ்சின் என்றாலே வம்பு என்பார்கள். அது எண்ணெயைக் கொஞ்சம் எரிப்பது நோய் அல்ல, இயல்பு. உள்ளிருக்கும் சீல்களுக்கு வழுவழுப்புத் தரவே எண்ணெயை உள்ளே செலுத்துகிறார்கள். ஆனால் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, பத்தடி நகர்த்தி உடனே அணைத்தால் பெட்ரோல் நிரம்பி மறுபடி கிளம்ப மறுக்கலாம். தெருமுனைக் கடைக்குப் போய்வர ஏற்ற வண்டி அல்ல அது. வாங்குமுன் ரோட்டரிக்கென்றே உள்ள கம்ப்ரஷன் கருவியால் சோதிக்க வேண்டும். சாதாரணக் கருவி முக்கோண ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டாது.

விலை ஏறிக்கொண்டே போகும், வாங்கிப் போட்டால் லாபம் என்பதும் அரைகுறைக் கணக்கு. அமெரிக்காவில் 25 வயதைத் தாண்டிய காரை அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்றாமலே இறக்குமதி செய்யலாம். 1999 ஜனவரியில் வந்த ஆர்34 ஜிடி-ஆர் 2024-இல் அந்த வயதை எட்டியது. அதனால் அங்கே எழும் கிராக்கி எல்லா மாடலுக்கும் வராது. ஜப்பானிலோ 13 ஆண்டு கடந்த பெட்ரோல் காருக்கு வரி கூடுகிறது. தினமும் மழையில் ஓடும் காரை முதலீடு என்று நினைப்பது வீண்.

ஒரு விஷயத்தில் மட்டும் சமாதானம் சொல்லக் கூடாது. ஒரு டன்னுக்கும் குறைவான ரோட்ஸ்டரில், சறுக்கும்போது தானே சமாளிக்கும் மின்னணு ஏற்பாடு கிடையாது. அமெரிக்காவில் விற்றவற்றில் ஓட்டுநருக்கு ஏர்பேக் முதலிலிருந்தே உண்டு. எல்லா நாட்டு வண்டிகளிலும் அது இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இன்றைய கனமான எஸ்யூவியோடு மோதினால் யாருக்கு அடி விழும் என்பது தெரிந்ததே. குழந்தைகள் உள்ள வீட்டின் ஒரே காராக இதை வைத்துக்கொள்வது சரியல்ல.

மற்றபடி, வாங்கும் விலையோடு முதல் மாத வேலைகளுக்கும் பணம் ஒதுக்கிவிட வேண்டும்: டைமிங் பெல்ட், அதோடு வாட்டர் பம்ப், எல்லா ஹோஸ்களும், ரேடியேட்டர், பிரேக் ஆயில். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படிக்க வேண்டும். 2314 என்றிருந்தால் அது 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதிதுபோல இருந்தாலும், அதைக் கழற்றிவிட்டுப் புது டயர் போட்ட பிறகே வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.