பினாங்கில் ஒரு பகல்: கப்பல் பயணிகளின் ஆறு நம்பிக்கைகள்

சிங்கப்பூரில் கப்பல் ஏறி மூன்று நான்கு நாள் கடலைச் சுற்றிவரும் உல்லாசப் பயணம் நம்மூர்க் குடும்பங்களுக்கும் பழகிவிட்டது. அந்தக் கப்பல்களில் பல நடுவே ஒரு பகல் பினாங்கில் நிற்கும். அந்தப் பகலை எப்படிக் கழிப்பது என்று போய்வந்தவர்களும் போகாதவர்களும் சொல்லி அனுப்பும் யோசனைகளில் பாதி தவறு.

நம்பிக்கை 1: காலை எட்டுக்கு வந்து மாலை ஆறுக்குக் கிளம்பினால், கையில் பத்து மணி நேரம்.

அது கப்பலின் கணக்கு. கப்பல் கரையைத் தொட்டாலும் அதிகாரிகளின் அனுமதி கிடைத்த பிறகே பயணிகள் இறங்கலாம்; பிறகு குடிநுழைவு வரிசை. புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் ஏறிவிட வேண்டும். கழித்தது போக ஏழு மணி நேரம் மிஞ்சினால் நல்லது. இன்னொன்று: மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம், ஆனால் அடுத்து புக்கெட் போனால் தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், கப்பல் மாறாமல் இருக்கலாம். அறைக்கு வரும் அன்றாடத் தாளைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வையுங்கள்.

நம்பிக்கை 2: சுற்றுலாப் பேருந்துக்குப் பணம் கட்டாமல் ஊருக்குள் போகவே முடியாது.

கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிக் கோலாலம்பூர் பார்க்க நினைப்பவருக்கு இது சரி. நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். அங்கே கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவுக்கு ஒரு பயன் உண்டு: அந்தப் பேருந்து தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவருக்குக் காத்திருக்காது. ஆனால் பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வந்தால் விக்டோரியா மணிக்கூண்டு. அதையடுத்து கார்ன்வாலிஸ் கோட்டை. பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா.

நம்பிக்கை 3: வந்தது வந்தோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

கொடிமலை, கெக் லோக் சி கோயில், சுவர் ஓவியங்கள், கடற்கரை எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தால், பார்ப்பது சாலை நெரிசலைத்தான். கொடிமலைக்கு ஏறும் மலைரயில் 1923-இல் ஓடத் தொடங்கியது. இன்றைய பெட்டிகள் சில நிமிடங்களில் மேலே சேர்த்துவிடும். ஆனால் அடிவார நிலையம் நகரத்துக்கு வெளியே ஆயர் ஈத்தாமில் இருக்கிறது. போக்கு, வரத்து, இரண்டு வரிசை என்று அரை நாள் போய்விடும். மலையா, நகரமா என்று முந்தின இரவே முடிவு செய்யுங்கள். மலை என்றால் காலையிலேயே கிளம்புங்கள்.

நம்பிக்கை 4: லிட்டில் இந்தியாவா? அதைத்தான் ஊரிலேயே பார்க்கிறோமே!

புடவைக்கடையையும் பூக்கடையையும் மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1786-இல் ஆங்கிலேயர் இங்கே கால் ஊன்றிய சில ஆண்டுகளிலேயே தமிழர்களும் வந்துவிட்டார்கள். தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் மொஹிதீன் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குவீன் தெருவின் மகா மாரியம்மன் கோயிலுக்கு 1833 முதல் வரலாறு. இந்த இரண்டுக்கும் அருகிலேயே சீனர்களின் குவான் யின் கோயிலும், 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும். நான்கையும் நடந்தே பார்த்துவிடலாம். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து இந்நகரை யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்ததற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம்.

சாப்பாட்டிலும் அதே கதை. 'நாசி கண்டார்' என்ற பெயரில் நாசி சோறு; கண்டார் என்பது தோளில் சுமக்கும் தடி. ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று காவடி கட்டித் தெருத்தெருவாக விற்ற தமிழ் முஸ்லிம்களின் உணவு அது. இதை நம் ஊரில் பார்க்க முடியாது.

நம்பிக்கை 5: மீனும் கறியும் கண்ணில் படாவிட்டால் அது சைவம்.

கீரை வதக்கலில்கூட பெலாச்சான் என்னும் இறால் விழுது கலந்திருக்கும். அசாம் லக்சாவின் சாறே மீன் சாறு. சைவர்கள் லிட்டில் இந்தியாவின் சைவ உணவகங்களை நம்பலாம்.

நம்பிக்கை 6: வானம் மூடியிருக்கிறது, தொப்பியும் தண்ணீரும் எதற்கு?

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகையில் இருக்கிறது. மெல்லிய மேகத்தைத் தாண்டிப் புறஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை இறங்கிவிடும். ஈரக்காற்றில் வியர்வை உலராது. உலராவிட்டால் உடல் குளிராது. பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைவழியை அங்குள்ள தமிழர்கள் 'அஞ்சடி' என்பார்கள். வெயிலுக்கும் மாலை இடிமழைக்கும் அதுவே குடை. கடைச் சாமான்கள் மறிக்கும் இடத்தில் மட்டும் தெருவில் இறங்கி ஏறுங்கள்.

மொத்தத்தில், நின்றுபோகும் பகலுக்கு ஒரே விதிதான்: குறைவாகத் தேர்ந்தெடுங்கள், நடந்து பாருங்கள், கடைசி ஒரு மணி நேரத்தைத் துறைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கூண்டு அறுபதடி உயரம். அதன் நிழலில் உட்கார்ந்து இளநீர் குடிப்பவரை விட்டுவிட்டு எந்தக் கப்பலும் போனதில்லை, அவர் கடிகாரத்தைப் பார்க்கும் வரை.