கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

கேள்வி: என் 1489 சிசி பெட்ரோல் அம்பாசடருக்கு எஞ்சினை இறக்கி, போரிங், வால்வு வேலை எல்லாம் முடித்தோம். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால் வண்டியே குலுங்குகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்துக் கழுவியாயிற்று. "புது எஞ்சின் டைட்டாத்தான் இருக்கும், ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்" என்கிறார் மெக்கானிக். காத்திருக்கலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: காத்திருக்க வேண்டாம். புது ரிங்குகளின் இறுக்கம் நான்கு சிலிண்டருக்கும் பொது. அது எஞ்சினை ஒரே சீராக மந்தப்படுத்துமே தவிர, மிஸ் அடிக்க வைக்காது. ஒரு சிலிண்டர் மட்டும் இறுகியிருந்தால் அது பொருத்தியதில் நேர்ந்த பிழை, ஓடி ஓடிச் சரியாகிற சங்கதி அல்ல. பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: வேகத்தில் நன்றாக ஓடுகிறது, நின்றால் குலுங்குகிறது. ஐடிலிங்கில் த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடிக்கிடக்கும். உள்ளே போகும் காற்று மிகக் குறைவு, மேனிஃபோல்டில் வெற்றிடமோ மிக அதிகம். அப்போது தலைமுடி பருமனுள்ள இடுக்கு வழியே நுழையும் காற்றுகூடக் கலவையைக் கெடுத்துவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வெற்றிடம் விழுகிறது, கார்புரேட்டர் வழியே வரும் காற்று பல மடங்காகிறது. ஒரு சிட்டிகை உப்பு டம்ளர் தண்ணீரில் கரித்து, குடத்துத் தண்ணீரில் தெரியாமல் போவது போல, அதே இடுக்கு அப்போது கணக்கிலேயே வராது. "வேகத்தில் நன்றாக ஓடுகிறதே, பிறகு எப்படி ஏர் லீக் இருக்கும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வேகத்தில் நன்றாக ஓடுவதே லீக்குக்கு ஒரு சாட்சி.

அம்பாசடரில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் மேனிஃபோல்டு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக வந்த இந்த எஞ்சினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கெட்டில் உட்காருகின்றன. சில ஸ்டட்களில் ஒரே தடித்த வாஷர் இரண்டு ஃபிளாஞ்சையும் சேர்த்து அழுத்துகிறது. எஞ்சின் வேலையின்போது இன்லெட் மேனிஃபோல்டை மட்டும் தேய்த்து மட்டம் பார்த்திருந்தால் இரண்டின் தடிமனும் ஒன்றாக இருக்காது. வாஷர் தடித்த பக்கத்தை இறுக்கும், மெலிந்த பக்கம் காற்றை உறிஞ்சும். நட்டை இன்னும் இறுக்கினால் தீருமா? தீராது, ஸ்டட்தான் ஒடியும். இரண்டு ஃபிளாஞ்சையும் ஒரே தடிமனுக்குக் கொண்டுவந்து புது கேஸ்கெட் போட வேண்டும். அடுத்து த்ராட்டில் ஸ்பிண்டில். கழுவிய கார்புரேட்டரிலும் ஸ்பிண்டில் துளை தேய்ந்தே இருக்கும், ஏனென்றால் தேய்மானம் கழுவினால் போகாது. விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அங்கேயும் காற்று நுழைகிறது.

ஊகத்தை நிறுத்திவிட்டு ஒரு வாக்குவம் கேஜை இணையுங்கள். சமவெளியில் நல்ல நிலையில் உள்ள எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் காட்டும், முள் அசையாது. முள் ஆடாமல் கீழே நின்றால் ஏர் லீக் அல்லது பின்தங்கிய டைமிங். தாளம் தவறாமல் ஒரே இடத்தில் வெட்டி விழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. சோம்பலாக மேலும் கீழும் அலைந்தால்தான் கலவையைச் சந்தேகிக்க வேண்டும். பிறகு பிளக் ஒயரை ஒவ்வொன்றாக எடுத்து, அதை நன்றாக எர்த் செய்து, எதை எடுத்தால் வேகம் குறையவில்லை என்று பாருங்கள். இந்த ஹெட்டில் 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரே இன்லெட் வாய், 3, 4 சிலிண்டர்களுக்கு இன்னொன்று. அதனால் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து சோம்பினால் கம்ப்ரஷன் பாருங்கள். அவை இரண்டிலும் கம்ப்ரஷன் குறைந்திருந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். சரியாக இருந்தால் அந்த வாயில்தான் லீக். ஒன்று மட்டும் சோம்பினால் அந்தப் பிளக், ஒயர், வால்வு. இதையெல்லாம் பார்க்க அரைநாள் போதும். லீக் தேடுகிறேன் என்று மேனிஃபோல்டின்மேல் பெட்ரோலைத் தெளிக்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நேர் கீழே கொதிக்கிற எக்ஸாஸ்ட் இருக்கிறது.

"கார்புரேட்டரைத் திருகினால் குலுக்கல் குறையத்தானே செய்கிறது?" என்றும் கேட்பார்கள். குறையும். திருட்டுத்தனமாக நுழைந்த காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலைக் கூட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான். எஸ்.யூ. கார்புரேட்டரில் ஐடிலிங்குக்கென்று தனி ஜெட் கிடையாது. அந்த ஒரே ஜெட்தான் முழு வேகத்துக்கும். ஐடிலிங்குக்காக அதை இறக்கினால் எல்லா வேகத்திலும் கலவை தடிக்கும். மிஞ்சிய பெட்ரோல் புதிதாகப் போர் செய்த சுவரிலிருந்து ஆயிலைக் கழுவிவிடும், புது ரிங்குகள் சரியாகப் படியாமலே போகும். செலவழித்துச் செய்த எஞ்சின் வேலை முழுவதும் இப்படித்தான் பாழாகிறது. அதனால்தான் கார்புரேட்டரைக் கடைசியில் தொடச் சொல்கிறேன். லீக்கும் வால்வும் டைமிங்கும் சரியான பிறகு, கார்புரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவை தடிப்பு, எஞ்சின் திணறினால் மெலிவு, கொஞ்சம் ஏறி உடனே பழையபடி ஆனால் சரி. இவ்வளவும் செய்தபின் ஒரு மெல்லிய தடுமாற்றம் மிச்சமிருந்தால் கவலைப்படாதீர்கள். இரண்டு சிலிண்டர் ஒரு வாயில் மூச்சு வாங்கும் அமைப்புக்கு அது இயல்பு.

கேள்வி: ஐடிலிங்கை 1200க்கு ஏற்றி வைத்தால் குலுக்கல் தெரிவதில்லை. அப்படியே விடலாமா?
— வாசகர், சேலம்

பதில்: கூடாது. கோளாறு மறைகிறது, தீரவில்லை.

கேள்வி: ஹெட் வேலை முடிந்ததும் டேப்பட் சத்தம் அதிகமாக இருந்தது. சொன்னதும் மெக்கானிக் குறைத்துக் கொடுத்தார். இப்போது சத்தமே இல்லை. ஆனால் எஞ்சின் சூடானால் நின்ற இடத்தில் மிஸ் அடிக்கிறது.
— வாசகர், மதுரை

பதில்: அந்தச் சத்தத்தை அடக்கச் சொன்னது நீங்கள்தான், எனவே கோபம் மெக்கானிக் மீது மட்டும் இல்லை. 1489 சிசி பெட்ரோல் அம்பாசடருக்குக் கையேடு கேட்கும் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. அந்த இடைவெளி இருந்தால் லேசான சத்தம் வந்தே தீரும். அதை மூடினால் சூட்டில் வால்வு தண்டு நீண்டு, வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. மெதுவான ஐடிலிங்கில் அழுத்தம் கசிந்துபோக நிறைய நேரம் கிடைக்கிறது, மிஸ் அடிக்கிறது. இன்னும் கெட்ட செய்தி, எக்ஸாஸ்ட் வால்வுக்குத் தன் வெப்பத்தை இறக்கிவைக்கச் சீட்டைத் தவிர முக்கியமான வழி இல்லை. உட்காராத வால்வு எரியும். "ஓட ஓடத் தேய்ந்து இடைவெளி தானே கூடாதா?" என்றால், பெரும்பாலும் நேர்மாறு. புது ஹெட் கேஸ்கெட் அமுங்கி ஹெட்டை மறுபடி இறுக்கும்போது இடைவெளி குறைகிறது. 2000ஆம் ஆண்டோடு நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டதால், கடினமான சீட் போடாத பழைய ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்குள் புதைந்து மேலும் குறைகிறது. இன்றே ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபாருங்கள். 8ஆம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1ஆம் வால்வு, 7 திறந்திருக்கும்போது 2, இப்படிக் கூட்டினால் எப்போதும் 9 வரும்.

கேள்வி: உதகையில் பத்மினி கார் வைத்திருக்கிறேன். கோவையில் டியூன் செய்து வந்தால் இங்கே கறுப்புப் புகை, ஐடிலிங் தள்ளாட்டம்.
— வாசகர், உதகமண்டலம்

பதில்: உங்கள் ஊர் சுமார் 2240 மீட்டர் உயரம். காற்று மெலிவு, அதனால் கோவையில் சரியாக இருந்த கலவை அங்கே தடிப்பு. வண்டி எங்கே ஓடுகிறதோ அங்கே டியூன் செய்யுங்கள். வாக்குவம் கேஜும் ஆயிரம் அடிக்குச் சுமார் ஓர் அங்குலம் குறைத்தே காட்டும். 12 காட்டுகிறதே என்று எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் ஐடிலிங் கெடுகிறது என்கிறார்களே?
— வாசகர், புதுச்சேரி

பதில்: ஓரளவு உண்மை. 20 விழுக்காடு எத்தனால் சேர்ந்தால் அதில் உள்ள ஆக்சிஜன் கலவையை மெலிய வைக்கும். பெட்ரோலுக்குப் பொருத்திய ஜெட்டைச் சற்றுத் தடிக்க வைக்க வேண்டிவரலாம், அதுவும் மேலே சொன்னவை எல்லாம் முடிந்த பிறகு. ஆனால் என் கவலை ஐடிலிங் அல்ல. பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் மெல்ல அரிக்கிறது. எஞ்சின் வேலைக்கு இவ்வளவு செலவு செய்தவர்கள், எத்தனால் தாங்கும் ஹோஸை இந்த மாதமே வாங்கி மாற்றிவிடுங்கள்.