இடாப்பில் உங்கள் பெயர் உள்ளதா?

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் கிளிநொச்சியும் அடங்கும். 2010இல் இதற்கு 9 நாடாளுமன்ற ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6. ஆசனங்கள் பெரும்பாலும் பதிவான வாக்காளர் தொகையை வைத்தே பகிரப்படுகின்றன. போரிலும் இடப்பெயர்விலும் ஆட்கள் குறைந்தது உண்மைதான். ஆனால் ஊருக்குத் திரும்பியும் பதியாமல் விட்டவர்களும் அந்தக் கணக்கில் இல்லை.

அடையாள அட்டை இருந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள்; போதாது. வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படும். மீள்குடியேறியதும் கிராம அலுவலரிடம் (எங்கள் விதானையார்தான்) கேட்டு, வீட்டிலுள்ள 18 வயது நிரம்பிய எல்லோரையும் பதியுங்கள்.

வாக்களிக்கும்போது முதலில் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி இடுங்கள். பின்னர் அதே பட்டியலிலுள்ள மூன்று வேட்பாளர்கள் வரை, அவர்களின் இலக்கங்களில் விருப்பு வாக்கு இடலாம். இலக்கங்களுக்கு மட்டும் புள்ளடி இட்டால் அந்த வாக்குச்சீட்டு நிராகரிக்கப்படும்.