மாதிரிப் பரீட்சையின் பயன்

ஆழமறியாது காலை இடாதே என்பது நம் நாட்டு முதுமொழி. குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையில் வாழ்வார்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கடலுக்கு உரிய இவ்வறிவுரை பரீட்சைக்கும் உரியதே. அயல்நாட்டுக் கல்வியும் தொழிலும் நாடி ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை எழுதுவோர் நம் மாணாக்கருள்ளும் உளர். ஆதலின், மாதிரிப் பரீட்சைகளைப் பயன்கொள்ளும் முறையை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

இவ்வகைப் பரீட்சைகளுள் ஐயெல்ட்ஸ் என்பது 1989-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்பன அதன் நான்கு உறுப்புக்கள். கேட்டலில் ஏறத்தாழ 30 நிமிடத்தில் 40 வினாக்கள். ஒலிப்பதிவு ஒருமுறையே கேட்பிக்கப்படும். படித்தலில் 60 நிமிடத்தில் 40 வினாக்கள். எழுதுதலில் 150 சொற்களுக்குக் குறையாதது ஒன்றும் 250 சொற்களுக்குக் குறையாதது ஒன்றும் 60 நிமிடத்தில் வரைதல் வேண்டும். பேசுதல், தேர்வாளரோடு 11 முதல் 14 நிமிடம் உரையாடுவது. ஒவ்வோர் உறுப்பும் 9 வரையுள்ள படிகளால் அளக்கப்பெறும். இப்பரீட்சை வழியே பிரித்தானியாவிற் செவிலியராகப் பதிவுபெற விரும்புவார்க்கு எழுதுதலில் 6.5-உம் ஏனைய மூன்றில் 7-உம் வேண்டும். அரைப்படி குறையின் மீண்டும் எழுத நேரும். கட்டணமோ பதினாயிரம் ரூபாய்க்கு மேற்பட்டது. நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பும் பெற்றோர்க்கு அவ்வரைப்படி சிறிதன்று.

இனி, மாதிரிப் பரீட்சை எதன் பொருட்டு? இதற்குத் தக்க உவமை அண்மையிலேயே உளது. 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றதை யாவரும் அறிவர். ராக்கெட்டின் திரவ எரிபொருள் இயந்திரங்கள் விண்ணிற் செல்லுமுன், நம் மகேந்திரகிரியில் நிலத்தோடு பிணிக்கப்பட்டு எரித்துச் சோதிக்கப்படுகின்றன. நம் நாட்டிற் செய்த கிரையோஜெனிக் இயந்திரத்தைத் தாங்கி 2010 ஏப்ரலில் முதன்முதற் சென்ற ராக்கெட் தோல்வியுற்றது. அதன்பின் மகேந்திரகிரியிற் பன்முறை சோதித்துத் திருத்திய இயந்திரம் 2014 ஜனவரி 5-ஆம் நாள் வெற்றி தந்தது. அச்சோதனைகள் இயந்திரத்தைப் புகழ்வதற்கு நிகழ்ந்தனவல்ல. குறையை நிலத்திலேயே கண்டு களைவதற்கு நிகழ்ந்தன. மாதிரிப் பரீட்சையும் அத்தன்மையதே. எத்தனை எழுதினோம் என்று எண்ணுவதிற் பயனில்லை. எக்குறையைக் கண்டோம் என்பதே வினா.

நினைவைத் தானே சோதித்துக் கோடலின் வலிமை ஆராய்ச்சியாலும் புலனாயிற்று. ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளநூலார் 2006-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். உரைப்பகுதியொன்றைப் படித்த மாணவருட் சிலர் அதனை மீண்டும் படித்தனர். சிலர் நூலை மூடி நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்து வினவியபோது மீண்டும் படித்தோரே மிகுதியாகக் கூறினர். ஒரு வாரம் கழித்தோ, நினைவிலிருந்து எழுதியோரே விஞ்சினர். படித்தவுடன் தோன்றும் தெளிவு நிலைத்த அறிவன்று என்பது இதனாற் போதரும்.

நம்மனோர்க்கு மாதிரிப் பரீட்சை காட்டும் குறைகளுட் பல, தாய்மொழிப் பழக்கத்தினின்று எழுவன. தமிழிற் ‘பத்து மரம்’ எனின் இழுக்கில்லை. ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்கும் அத்தகைய பெயரைப் பால்பகா அஃறிணைப் பெயர் என இலக்கண நூலார் கூறுவர். ஆங்கிலத்திலோ பன்மையீறு வேண்டும். கேட்டற் பகுதியில் அவ்வீற்றொலியைச் செவி விடுமாயின் விடை பிழையாகும். மேலும், பூங்காவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் குரைத்தலைக் குறிக்கும் சொல்லும் நம் எழுத்தில் ‘பார்க்’ என்றே வரும். இரண்டன் முதலொலியும் வேறு. ‘ஏ’, ‘தி’ என ஆங்கிலப் பெயர்களின்முன் வரும் சிறு சொற்களுக்கு நேரானவை தமிழில் இல்லாமையின், நம் கட்டுரைகளில் அவை உதிர்ந்து போகின்றன. படித்தற் பகுதியில், ‘பொய்’ என்பதற்கும் ‘கூறப்படவில்லை’ என்பதற்கும் உள்ள வேற்றுமை பலரை மயக்கும். உரை மறுப்பது முன்னது. உரை வாளா இருப்பது பின்னது.

இக்குறைகளைக் களைதற்குரிய முறை வருமாறு:

முதலாவது, கடிகாரத்தை முன்வைத்து, இடையில் எழாது, அகராதி நோக்காது முழுப் பரீட்சையையும் எழுதுக. ஒலிப்பதிவை இருமுறை கேட்பது தன்னைத் தானே ஏமாற்றுவதாகும்.

இரண்டாவது, பிழைகளைக் குறிப்பேட்டில் மூவகையாகப் பகுத்தெழுதுக: சொல் அறியாமை, கருத்தூன்றாமை, காலம் போதாமை. முதலாவதற்கு மருந்து படிப்பு, இரண்டாவதற்கு நிதானம், மூன்றாவதற்குப் பயிற்சி. நோய் அறியாது மருந்து கொள்ளல் வீண். ஒரு பரீட்சைக்கு ஒரு நாளாயின், அதன் பிழைகளை ஆராய இரு நாட்கள் தருக.

மூன்றாவது, கட்டுரைக்கும் பேச்சுக்கும் விடைப்பட்டியல் உதவாது. கட்டுரையை ஆசிரியரிடம் காட்டித் திருத்தம் பெறுக. பேச்சுக்குத் தோழர் ஒருவரைத் தேர்வாளராக்கி, ஒரு நிமிடம் சிந்தித்து இரண்டு நிமிடம் பேசிப் பழகுக. மனப்பாடம் செய்த விடையைத் தேர்வாளர் எளிதில் உணர்வர். அதற்கு மதிப்பெண்ணும் குறையும்.

நான்காவது, கேம்பிரிட்ஜ் வெளியிடும் மாதிரி நூல் ஒவ்வொன்றிலும் நான்கு முழுப் பரீட்சைகள் உள. ஒன்றைத் தொடக்கத்தில் எழுதித் தன்னிலை அறிக. இரண்டைப் பயிற்சிக்குக் கொள்க. எஞ்சியதைத் திறவாது வைத்து இறுதி வாரத்தில் எழுதுக.

இவ்வளவு கூறினும், மாதிரிப் பரீட்சை மொழியைக் கற்பிக்கும் ஆசானன்று; கற்றதன் அளவைக் காட்டும் கண்ணாடியே. கண்ணாடியை நாள்தோறும் நோக்குவதால் மட்டும் முகம் தூய்மையுறாது. நாளும் சில பக்கம் நல்லாங்கிலம் படித்தலும், செய்தி கேட்டலும், பிழைக்கு அஞ்சாது பேசுதலும் இன்றியமையாதன. மாணவ நண்பர்காள்! பிழை நம் அறையிற் புலப்படுவது பேறு. பரீட்சை மண்டபத்திற் புலப்படுவதே இழப்பு. குறிப்பேட்டில் நிறையும் பிழைகளைக் கண்டு நாணற்க. அவற்றை ஒவ்வொன்றாக அடித்து நீக்குவதே தேர்ச்சிக்கு வழியாகும்.