எழுத்துருவின்மேல் ஏற்றிய பழி

கணினியில் தமிழை வரைந்து காட்டும் நிரலகங்களைப் பற்றி நிரல் எழுதுவோரிடையே சில அபிப்பிராயங்கள் ஆழமாக வேரூன்றிக் கிடக்கின்றன. ஒரு புள்ளிவிவரப் படத்தின் தலைப்பிலோ, சான்றிதழ்களைத் தானாகத் தயாரித்துத் தரும் ஒரு நிரலின் வெளியீட்டிலோ, ஒற்றைக்கொம்பு தன் மெய்க்கு முன்னே நிற்காமல் பின்னே போய் நின்றுவிட்டால், பிழை எழுத்துருவினுடையது என்கிறார் ஒருவர். யூனிகோடு என்ற குறியீட்டு முறையே தமிழுக்கு ஒவ்வாது என்கிறார் மற்றொருவர். தமிழ் எழுத்தே கணினிக்கு இசையாதது என்று தீர்ப்பளித்துவிட்டுத் தலைப்பை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்கிறார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் தவறு. மூன்றாமவர் சொல்வது வருந்தத்தக்கதும்கூட. நிரலில் ஓர் அமைப்பைத் திருத்தினால் தீர்ந்துவிடும் குறைக்கு, ஈராயிரம் ஆண்டு எழுதப்பட்டுவந்த மொழியைக் குற்றவாளியாக நிறுத்துவது நியாயமாகாது.

“தமிழ் எழுத்துரு நிறுவப்பட்டிருந்தால் தமிழ் சரியாகவே தெரியும்” என்பதுதான் இவ்வெல்லா மயக்கங்களுக்கும் மூலம். எழுத்துருக் கோப்பில் வரிவடிவங்கள் இருக்கின்றன. எந்த வடிவம் எந்தச் சந்தர்ப்பத்தில் எதனோடு கூடி எப்படி மாறவேண்டும் என்னும் விதிகளும், மைக்ரோசாஃப்டும் அடோபியும் 1996இல் அறிவித்த ஓப்பன்டைப் முறையின்படி, அதே கோப்பில் அட்டவணைகளாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அவ்விதிகளைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும் சக்தி எழுத்துருவுக்கு இல்லை. ஃப்ரீடைப் என்னும் நிரலகம் கோப்பைத் திறந்து, கேட்ட வடிவத்தைக் கேட்ட அளவில் திரைப்புள்ளிகளாக வரைந்து தருகிறது. எழுத்துகளை வரிசைப்படுத்துவதும் இணைப்பதும் தன் கடமை அன்று என்பதே அதன் நிலை. அவ்விதிகளைப் படித்து ஒழுங்குபடுத்தும் வேலையை ஹார்ஃப்பஸ் என்னும் வேறொரு நிரலகம் செய்கிறது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆபிஸ் ஆகியவற்றில் நாம் தமிழை இடரின்றி வாசிப்பது இந்த இரண்டாம் வேலை நமக்குத் தெரியாமலே நடந்துவிடுவதால்தான்.

இந்த வேலை தமிழுக்கு ஏன் இன்றியமையாதது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும். யூனிகோட்டில் எழுத்துகள் ஒலிக்கும் முறையில் வைக்கப்படுகின்றனவேயன்றிக் கண்ணுக்குத் தோன்றும் முறையில் அல்ல. ‘கெ’ என்பதில் ககரம் முதலிலும் எகரக் குறி பின்னரும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை ககரத்துக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்துவது, வரையும் நேரத்தில் ஒழுங்குபடுத்தும் நிரலகத்தின் பொறுப்பு. ‘கொ’ என்பதோ இரண்டே குறியெண்கள். திரையில் கொம்பு, ககரம், கால் என மூன்று உருவங்களாக அது பிரிந்து நிற்கவேண்டும். ‘க்ஷ’ இதற்கு நேர்மாறாக மூன்று குறியெண்களிலிருந்து ஓர் உருவமாகிறது. உகரம் ஏறிய மெய்களிலோ கு, சு, நு, மு என்று ஒவ்வொன்றும் தனக்கே உரிய வளைவைக் கொள்கிறது. ஈய எழுத்துக் கோத்த அச்சகத் தொழிலாளி கொம்பை முதலில் எடுத்து வைத்து அதன் பின்னரே ககரத்தை வைத்தார். தட்டச்சு செய்தவரும் அவ்வாறே கொம்பை முதலில் தட்டினார். கண்ணால் காணும் முறையே எழுத்தின் முறை என்ற எண்ணம் அந்தப் பழக்கத்தின் எச்சமாக இன்னும் நம்மிடம் தங்கியிருக்கிறது போலும்.

பைத்தான் மொழியில் படங்களின்மேல் எழுத்துப் பொறிக்கப் பெரிதும் உபயோகமாகும் பில்லோ நிரலகத்தை உதாரணமாகக் கொள்ளலாம். அதில் எழுத்தை அடுக்குவதற்கு அடிப்படை முறை ஒன்றும், ரக்ம் என்னும் முறை ஒன்றுமாக இரண்டு வழிகள் உண்டு. அடிப்படை முறை குறியெண்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எடுத்து, அததற்குரிய வடிவத்தை வைத்துக்கொண்டே போகும். ரக்ம் முறை ஹார்ஃப்பஸின் துணையோடு விதிகளை நிறைவேற்றியபின் வடிவங்களை வைக்கும். ரக்ம் கணினியில் இருந்தால் அதையே பில்லோ இயல்பாக எடுத்துக்கொள்கிறது. இல்லையென்றால் யாதொரு எச்சரிக்கையும் இன்றி அடிப்படை முறைக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே ஒருவர் கணினியில் செம்மையாகத் தோன்றிய அதே நிரல், அதே எழுத்துருவோடு வேறொரு சர்வரில் ஓடும்போது கொம்புகளை இடம் மாற்றி வைக்கிறது. ரக்ம் இருக்கிறதா என்று நிரலின் தொடக்கத்திலேயே ஒரு வரியில் கேட்டறிந்துகொள்ள பில்லோவில் வசதி உண்டு. தமிழுக்காக எழுதப்படும் ஒவ்வொரு நிரலிலும் அந்த வரி இடம்பெறவேண்டும் என்பது என் திடமான கருத்து. கெய்ரோ நிரலகத்திலும் இதே கதைதான். எழுத்தை நேரடியாக வரையத் தரப்பட்டிருக்கும் எளிய வசதியை அதன் ஆவணமே பொம்மை என்று குறிப்பிட்டு, மெய்யான பிரயோகங்களுக்கு பாங்கோ போன்ற அடுக்கு நிரலகத்தை நாடும்படி சொல்கிறது. அந்த எச்சரிக்கையைப் படியாதவர்களே பெரும்பாலும் எழுத்துருவைப் பழிக்கிறார்கள்.

இக்குறைக்குச் சிலர் கையாளும் பரிகாரம் நோயைவிடக் கொடியது. கொம்பு பின்னே போகிறதே என்று, மூலப் பாடத்திலேயே அதை ககரத்துக்கு முன்னால் தட்டிவிடுகிறார்கள். அன்றைய படம் பார்வைக்குச் சரியாகிவிடுகிறது. ஆனால் அந்தப் பாடத்தை நாளை முறையான நிரலகம் ஒன்று வாசிக்கும்போது, தாங்கும் மெய் இல்லாத கொம்புக்காக ஒரு புள்ளிவட்டத்தை வரைந்து காட்டும். தேடினால் சொல் அகப்படாது. அகரவரிசைப்படுத்தினால் இடம் தவறும். வரையும் கருவியின் குறைக்காகப் பாடத்தைத் திரிக்கும் இவ்வழக்கத்தைக் கைவிடவேண்டும் என்று நான் யாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

“ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் இருந்தாலன்றித் தமிழ் திரையில் சீராக வராது” என்பது இதனோடு ஒட்டிப் பிறந்த நம்பிக்கை. தமிழக அரசு 2010இல் யூனிகோட்டோடு சேர்த்து அங்கீகரித்த டேஸ் 16 என்னும் முறை அவ்வாறே தனித்தனிக் குறியெண்களைக் கொண்டது; அதற்குச் சாதகமாக வேறு வாதங்கள் இருக்கலாம். ஆயினும் காட்சியைப் பொறுத்தமட்டில், முப்பது முதலெழுத்துகளையும், ஆய்தத்தையும், பதினோர் உயிர்க்குறிகளையும், புள்ளியையும் கொண்டே 247 எழுத்துகளும் பிழையின்றி வரையப்படுகின்றன என்பது நம் கைப்பேசிகளில் அன்றாடம் காணும் பிரத்தியட்சம்.

எழுத்துருவின் பெயரைச் சொல்லிவிட்டால் அந்த எழுத்துருவே வந்து நிற்கும் என்ற நம்பிக்கையைச் சுருக்கமாகவே தீர்த்துவிடலாம். லினக்ஸில் எழுத்துருக்களைத் தேடித் தரும் ஃபாண்ட்கான்ஃபிக், கேட்ட பெயர் இல்லையென்று கைவிரிப்பதில்லை. இருப்பவற்றுள் மிக நெருங்கிய ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. கிடைத்தது எது என்பதைக் கேட்டறியாதவரை, கேட்டதே கிடைத்தது என்று எண்ணிக்கொள்ள ஆதாரம் இல்லை.

அளவைப் பற்றிய மயக்கம் அதைவிடப் பெரிது. 12 என்று எழுதினால் எங்கும் ஒரே அளவு என்று நினைக்கிறார்கள். பில்லோவில் அந்த 12 திரைப்புள்ளிகளைக் குறிக்கிறது. கெய்ரோவில் வரைபரப்பின் அலகுகளைக் குறிக்கிறது. கெய்ரோவின்மேல் இயங்கும் பாங்கோவிலோ அச்சுக்கலையின் புள்ளிகளைக் குறித்து, அங்குலத்துக்கு 96 என்னும் இயல்பான கணக்கில் 16 திரைப்புள்ளிகளாக விரிந்துவிடுகிறது. அன்றியும் இந்த அளவு எந்த எழுத்தின் உயரமும் அன்று. எழுத்துருவை வடித்தவர் 1000 அலகாகவோ 2048 அலகாகவோ பகுத்துக்கொண்ட ஒரு கற்பனைச் சதுரத்தின் உயரமே அது. அதனாலேயே ஒரே அளவில் அமைத்த இரு தமிழ் எழுத்துருக்களில் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் தோன்றுகிறது. வரி இடைவெளிக்கு உரிய ஏற்ற இறக்க அளவுகளோ ஒரே கோப்புக்குள் மூன்று இடங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. விண்டோஸின் பழைய வரைமுறை ஓரிடத்தையும் மேக் வேறோரிடத்தையும் பார்க்கின்றன. மூன்றும் ஒத்திராத எழுத்துருவில் வரிகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் நிற்பதில் வியப்பில்லை. முதல் எழுத்துருவாக ஆங்கிலத்தையும் துணையாகத் தமிழையும் வைத்து, வரியின் உயரத்தை ஆங்கில எழுத்துருவிலிருந்து மட்டும் கணக்கிட்டுக்கொள்ளும் நிரல்களில், ஈகாரச் சுழியின் தலையும் ஊகார வளைவின் அடியும் வெட்டுண்டு போவது இக்காரணத்தாலேயே.

கெய்ரோவில் எழுத்தின் விளிம்பை மென்மையாக்குவதற்கும், திரைப்புள்ளிகளோடு ஒட்டிக் கூர்மையாக்குவதற்கும் உள்ள அமைப்புகள் வெறும் அழகுக்கானவை என்று பலர் எண்ணுகிறார்கள். விளிம்பைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியே. ஆனால் எழுத்தின் அளவுகளையும் முழுத் திரைப்புள்ளிகளாக்கும் அமைப்பு ஒன்று அவற்றோடு இருக்கிறது. 7.4 புள்ளி அகலமுள்ள எழுத்தை அது 7 ஆக்கினால், அத்தகைய நாற்பது எழுத்துகள் கொண்ட வரி 16 புள்ளிகள் குறுகிவிடும். வரி முறியும் இடமே மாறிவிடும். திரைக்குரிய படப்பரப்பில் இவ்வமைப்பு இயல்பாகவே இயங்குகிறது, பி.டி.எஃப். பரப்பில் இயங்குவதில்லை. திரையில் ஒருவிதமாகவும் அச்சில் வேறுவிதமாகவும் பத்தி முறிகிறதே என்று திகைப்பவர்கள் முதலில் இந்த அமைப்பைத்தான் பார்க்கவேண்டும்.

பழைய எழுத்து வடிவங்களைப் பற்றிய நம்பிக்கையைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. பெரியார் 1935இலேயே குடிஅரசு இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த வடிவங்களைத் தமிழக அரசு 1978இல் ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா முதலியவற்றின் சுழிந்த வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவங்களுமாகப் பதின்மூன்று பழைய வடிவங்கள் அத்தோடு வழக்கிழந்தன. அந்தக் காலத்து நூல்களை அவற்றின் தோற்றத்திலேயே மறுபதிப்புச் செய்ய விரும்புவோர் சிலர், பழைய ‘லை’க்குத் தனிக் குறியெண் வேண்டும் என்று கருதுகிறார்கள். வேண்டியதே இல்லை. லகரமும் ஐகாரக் குறியும் அவையேதான். மாறியது தோற்றம் மட்டுமே. எழுத்துருவை வடிப்பவர் பழைய வடிவங்களையும் கோப்பில் வைத்து, ஓப்பன்டைப்பில் இத்தகைய மாற்று வடிவங்களுக்கென ஒதுக்கிய இருபது தொகுதிகளுள் ஒன்றில் அவற்றைச் சேர்த்துவிட்டால், பாங்கோவிலோ ரக்ம் துணையுள்ள பில்லோவிலோ அத்தொகுதியை இயக்கும்படி ஒரு சொல் எழுதியவுடன், ஒரே பாடம் பாட்டனார் வாசித்த உருவிலும் பேரன் வாசிக்கும் உருவிலும் தோன்றும். பாடத்தில் ஓர் எழுத்தும் மாறாது. எழுத்துருவும் அமைப்பும் கைகோத்து வேலை செய்தால் எத்தனை நுட்பமான காரியங்கள் கைகூடும் என்பதற்கு இதைவிட எனக்கு உவப்பான உதாரணம் இல்லை.

“கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் பாடமும் சரியாகவே இருக்கும்” என்பது கடைசியாகச் சொல்லவேண்டிய நம்பிக்கை. பி.டி.எஃப். கோப்பில் உள்ளவை வரையப்பட்ட உருவங்கள். எந்த உருவம் எந்தக் குறியெண்ணிலிருந்து வந்தது என்று சொல்லும் அட்டவணை ஒன்று அவற்றோடு சேர்க்கப்படவேண்டும். அது இல்லாத கோப்பையோ, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களால் ஆங்கில எழுத்துகளின்மேல் தமிழ் வேடம் பூட்டிய கோப்பையோ திறந்தால், வாசிக்க யாதொரு தடையும் இராது. ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, பார்வையற்றோருக்காக உரக்க வாசிக்கும் கருவியிடம் கொடுத்தால் பொருளற்ற ஒலிகளே எழும். ‘கொ’வை ககரமும் ஒகரக் குறியுமாகவும் எழுதலாம், ககரமும் கொம்பும் காலுமாகவும் எழுதலாம், யூனிகோடு இரண்டையும் சமமாகவே கொள்கிறது என்றாலும், அவற்றை ஒருமுகப்படுத்தாத தேடுபொறி ஒன்றைக் கண்டு மற்றொன்றைக் காணாது. ஆதலால் ஒரு நூலைப் பி.டி.எஃப். கோப்பாகத் தயாரித்து முடித்தவர், பக்கங்களைக் கண்ணால் பார்த்ததோடு நின்றுவிடாமல், கொற்கை, நெய்தல், பௌர்ணமி போல உயிர்க்குறி இருபுறமும் நிற்கும் சொற்களும் கொம்புள்ள சொற்களும் சிலவற்றை அந்தக் கோப்பிலிருந்து படியெடுத்து வேறொரு செயலியில் ஒட்டிப் பார்க்கவேண்டும். பின்னர் அதே சொற்களைத் தாமே தட்டிக் கோப்பினுள் தேடியும் பார்க்கவேண்டும்.