சுவரில் ஓடும் மான்

குழந்தைகளோடு நிழல் காட்டி விளையாட ஒரு வெறும் சுவர், ஒரு விளக்கு, இரண்டு கைகள் போதும். ஆனாலும் பல வீடுகளில் இது ஒரே நாளோடு நின்றுபோகிறது. பெரியவர் ஆர்வமாகக் கையை முறுக்கி ஒட்டகம், முயல், சிங்கம் என்று வரிசையாகக் காட்டி முடிப்பதற்குள் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவார்கள். வேடிக்கை பார்க்க மட்டும் உட்காரவைத்தால் எந்தப் பிள்ளைதான் இருக்கும்?

அண்ணன் பிள்ளைகள், மாடி வீட்டுப் பிள்ளைகள் என்று மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரையுள்ள வாண்டுகளோடு இதை வருஷக்கணக்கில் ஆடி வருகிறேன். நான் கண்ட வரையில் உருவம் சுமாராக இருந்தால் போதும். அது அசைய வேண்டும், பேச வேண்டும், பிள்ளையின் கையிலிருந்தே வர வேண்டும். இந்த மூன்றுக்கும் உதவுகிற சில விஷயங்களைச் சொல்கிறேன்.

விளக்கு எது, எங்கே?

ட்யூப்லைட் உதவாது. நீளமான விளக்கின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒளி வருவதால் நிழலின் ஓரம் கரைந்துபோகும். வெளிச்சம் ஒரு சிறு புள்ளியிலிருந்து வந்தால்தான் விரல் விரலாகத் தெரியும். செல்போன் டார்ச் அதற்குப் பொருத்தம். சில போன்களில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பல்புகள் எரியும். அதில் ஓரங்கள் இரட்டையாக விழும், ஒற்றைப் பல்பு உள்ள போனாகப் பாருங்கள். உள்ளே பளபளவென்று கிண்ணம் வைத்த பெரிய டார்ச் சுவரில் வட்டம் வட்டமாக ஒளியடிக்கும், அதுவும் சரிப்படாது.

போனைச் சுவரிலிருந்து ஆறடி தள்ளி, ஒரு ஸ்டூலின் மேல், பிள்ளை உட்கார்ந்தால் தோள் மட்டத்துக்கு வருகிற மாதிரி சாய்த்து வையுங்கள். பிள்ளை ஒளிக்கு நேராக உட்கார்ந்தால் தலை நிழல்தான் சுவரை அடைக்கும். பக்கவாட்டில் உட்காரவைத்துக் கையை மட்டும் வெளிச்சத்துக்குள் நீட்டச் சொல்லுங்கள். விளக்கு முதுகுப் பக்கம் இருந்தால் கண்ணும் கூசாது.

அடுத்து, தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு போடுவேன். சுவருக்கு ஓரடி தள்ளி ஒன்று, விளக்குக்கு ஓரடி முன்னால் ஒன்று. எங்கள் வீட்டில் முதலாவதற்கு எலிக்கோடு, இரண்டாவதற்கு யானைக்கோடு என்று பெயர். எலிக்கோட்டில் கை வைத்தால் நிழல் ஏறக்குறைய கையளவே இருக்கும், ஓரமும் தெளிவாக விழும். யானைக்கோட்டில் ஆறு மடங்கு பெரிதாகிவிடும், ஓரமும் கொஞ்சம் மங்கும். இரண்டுக்கும் நடுவே கையை நகர்த்தி நகர்த்தியே பிள்ளைகள் வெகுநேரம் விளையாடுவார்கள். கருநிழல், புறநிழல் என்று பள்ளிப் பாடத்தில் பிறகு வரப்போவதைக் கண்ணால் முதலிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

மின்வெட்டு இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சம் அழகுதான், சுடர் ஆட ஆட நிழலும் உயிர் வந்ததுபோல் ஆடும். ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் அறையில் அதைத் தரையில் வைக்கவே வைக்காதீர்கள்.

வெள்ளைச் சுவர் இல்லாவிட்டால்

கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினால் திரை தயார். விளக்கும் கையும் ஒரு பக்கம், பார்ப்பவர்கள் மறுபக்கம். தோல்பாவைக் கூத்தின் அமைப்பும் இதுதான். பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில் கூத்துமாடங்களில் நம் கம்பராமாயணத்தையே பாவைக்கூத்தாக ஆடுகிறார்கள். அங்கே திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் வரிசையாக எரியும். அத்தனை விளக்கு இருந்தும் நிழல் குழம்பாததற்குக் காரணம், பாவையைத் திரையோடு ஒட்டிவைத்து ஆட்டுவதுதான். வீட்டிலும் அப்படியே. வேட்டித் திரையானால் கையைத் துணிக்கு நெருக்கமாக வைக்கப் பழக்குங்கள்.

திரையால் இன்னொரு நன்மையும் உண்டு. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத பிள்ளை, திரைக்குப் பின்னால் போனதும் மடமடவென்று பேசும்.

எந்த வயதுக்கு எந்த உருவம்?

மூன்று வயதுக்கு விரல் வித்தை வேண்டாம். விரித்த கை மரம். அதை ஆட்டினால் காற்று. மூடித் திறக்கும் விரல்கள் பூ. முழங்கையை நிமிர்த்தி மணிக்கட்டை மடித்தால் கொக்கு, அது மீன் கொத்தும்.

நான்கு வயதில் பறவை வந்துவிடும். இரண்டு உள்ளங்கைகளையும் தன் பக்கம் திருப்பி, கட்டைவிரல்களை ஒன்றோடொன்று கோத்து, மற்ற விரல்களைச் சிறகாக விரித்து அசைக்க வேண்டும். பரதம் கற்றவர்களுக்கு இது கருட முத்திரை.

ஐந்து வயதுக்கு நாய். வணக்கம் சொல்வதுபோல் கை சேர்த்து, விரல் நுனிகள் பக்கவாட்டில் பார்க்கும்படி சாய்க்க வேண்டும். மேலே நிமிர்ந்த கட்டைவிரல்கள் காது, கீழே பிரிந்து சேரும் சுண்டுவிரல்கள் வாய். ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் மடக்கினால் நெற்றி அமையும்.

மானுக்கு ஒரே கை போதும். நடுவிரலும் மோதிர விரலும் கட்டைவிரல் நுனியைத் தொட, மற்ற இரண்டும் கொம்பாக நிற்கும். பரதத்தில் இது சிம்மமுகம். பார்க்க எளிது, சின்னப் பிள்ளைக்குக் கடினம். மோதிர விரலின் தசைநார் பக்கத்து விரல்களோடு பிணைந்திருப்பதால் அது தனியாக அசைய மறுக்கும். ஆறு வயதுவரை பொறுங்கள்.

பிள்ளையின் விரலைப் பிடித்து வளைக்க வேண்டாம். உங்கள் கையைப் பக்கத்தில் நீட்டுங்கள், "கையைப் பார்க்காதே, சுவரைப் பார்" என்று மட்டும் சொல்லுங்கள். சுவரைப் பார்த்துப் பார்த்து விரல்கள் தாமாகவே இடம் தேடிக்கொள்ளும்.

குரல் கொடுங்கள்

என் அண்ணன் மகள் ஒருநாள் நாயைச் சுவரில் நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"அத்தை, இதுக்குக் கண்ணே இல்ல."

"ஆமாடி, என்ன செய்யலாம்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "தூங்குது. சத்தம் போடாதீங்க" என்று குரலைத் தாழ்த்தினாள். உடனே மாடி வீட்டுப் பையன் தன் பறவையைக் கொண்டுவந்து நாயின் காதில் உட்கார வைத்தான். நாய் எழுந்து குரைத்தது. அன்றைய கதை அதுதான். விரல்களைத் திருத்தி அந்த நாய்க்கு நானே கண் வைத்திருந்தால் கதை பிறந்திருக்காது.

தமிழ்நாட்டுத் தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் இருக்கும் கலைஞர் ஒருவரே இராமனுக்கும் சீதைக்கும் இராவணனுக்கும் குரல் மாற்றிப் பேசுவார். ஆனால் பிள்ளைகள் கண் கொட்டாமல் காத்திருப்பது உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும்தான். அந்தக் கோமாளிகள் இரண்டு பேரும் வாய்ச்சண்டை போட்டால் கூட்டம் சிரிப்பில் அதிரும். வீட்டுக்கும் அதே உத்தி போதும்: இரண்டு பாத்திரம், ஒரு சின்னத் தகராறு. பசித்த நாய்க்கும் மீனைத் தூக்கிக்கொண்டு போன கொக்குக்கும் சண்டை மூட்டிவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளலாம்.

இன்னும் சில

பெரிய நிழலைப் பார்த்து அழும் பிள்ளைகள் உண்டு. எலிக்கோட்டிலிருந்து தொடங்குங்கள், டார்ச்சை அணைக்கும் உரிமையைப் பயந்த பிள்ளையிடமே கொடுங்கள். பயம் போய்விடும். தூங்கப்போகும் நேரமானால் கடைசி உருவம் பறவையாகவோ பூவாகவோ இருக்கட்டும், சிங்கம் வேண்டாம். கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

கை வலிக்கிறது என்றால் அடுப்படியைத் துழாவுங்கள். சல்லடை சுவர் முழுக்க நட்சத்திரம் காட்டும். சீப்பு வேலியாகும். நிற மிட்டாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் வண்ணம் விழும். பாவைத் தோலை ஒளி ஊடுருவும்படி பதப்படுத்திச் சாயம் தீட்டுவதால்தான் கூத்துத் திரையிலும் நிறம் தெரிகிறது.

மண்டிகர் என்னும் மராத்தி பேசும் குடும்பங்கள் தமிழில் ஆடிவரும் கலை தோல்பாவைக் கூத்து. இன்று ஆடுகிறவர்கள் மிகச் சிலரே. உங்கள் ஊர்ப் பக்கம் எங்காவது கூத்து நடந்தால் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். கூத்து முடிந்ததும் கலைஞரிடம் கேட்டு, திரைக்குப் பின்னால் போய்ப் பாவைகளைப் பார்க்கச் செய்யுங்கள். வீட்டுச் சுவரில் மான் ஓட்டிப் பழகிய பிள்ளை அங்கே கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.