அலமாரியில் உறங்கும் காமிராக்கள்

காமிராக்களையும் லென்ஸுகளையும் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிச் சேர்த்தவன் என்ற முறையிலும், அந்த மோகத்தில் குடும்பச் செலவுக்கென வைத்திருந்த பணத்தையும் சில சமயம் தொட்டுவிட்டுப் பின்னர் மனம் வருந்தியவன் என்ற முறையிலும், இந்தப் பொழுதுபோக்கைச் சூழ்ந்திருக்கும் சில நம்பிக்கைகளைப் பரிசீலிப்பது என் கடமை என்றே கருதுகிறேன்.

முதலாவது, "பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும் பொருள் கெடாது" என்பது. சென்ற ஐப்பசி மழையின்போது, இரண்டு வருஷங்களாகத் தொடாமல் தோல் உறையோடு பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்த 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை எடுத்து, அதன் துவாரத்தை முழுவதும் திறந்து, பின்புறம் டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூலினும் மெல்லிய வெள்ளை இழைகள் கிளைவிட்டுப் படர்ந்திருந்தன. பூஞ்சை! காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்து, வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லாமற்போனால் அது முளைக்கும்; சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் சராசரி ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்கும் நாட்கள்தாம் குறைவு. தோல் உறையோ ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பூஞ்சைக்கு உபகாரம் செய்கிறது. பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், பிறகு எத்தனை துடைத்தாலும் தழும்பு போகாது. லித்தியம் பேட்டரியும் சும்மா கிடந்தபடியே மூப்படைகிறது. பழைய இயந்திரக் காமிராக்களின் ஷட்டரில் இட்ட எண்ணெயும் இயக்கமின்றி இறுகிப்போகிறது. ஆகவே கடையில் கொடுத்த விலை முதல் செலவு மட்டுமே. ஈரம் நீக்கும் பெட்டி, சிலிகா ஜெல், பழுதுபார்ப்புக் கூலி எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வருகின்றன.

"இது செலவல்ல, முதலீடு" என்று மனைவியிடமும் மனசாட்சியிடமும் சொல்லிக்கொள்வோர் பலர். நல்ல நிலையிலுள்ள சில பழைய லைக்கா காமிராக்களுக்கு விலை ஏறியிருப்பது மெய்தான். ஆனால் டிஜிட்டல் காமிராவின் கதி வேறு. நிக்கான் 1959 முதல் போற்றிவந்த, லென்ஸைக் காமிராவோடு இணைக்கும் பூட்டை (மவுன்ட்) விட்டு, 2018-இல் மிரர்லெஸ் காமிராக்களுக்கெனப் புதிய பூட்டை அறிமுகம் செய்தது. அதே ஆண்டில் கேனனும் அவ்வழியே சென்றது. அதற்குப் பின் பழைய டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களை விற்கப்போனவர்கள், வாங்கிய விலையை நினைத்துப் பெருமூச்சுதான் விட முடிந்தது.

"வட்டியில்லாத் தவணை இலவசம்" என்பது இவை எல்லாவற்றிலும் அபாயகரமான நம்பிக்கை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருக்கிறது. 60,000 ரூபாய்க் காமிராவை ஆறு தவணையில் வாங்கும்போது, ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், சுமார் 2,540 ரூபாயைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் கழிக்க, அதையே வங்கி நம்மிடம் வட்டியாக வசூலிக்கிறது. அந்த வட்டியின்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 457 ரூபாயும், வங்கி கேட்கும் நடைமுறைக் கட்டணமும் நம் தலையில் விழுகின்றன. தொகை சிறிதுதான்; ஆனால் மாதம் பத்தாயிரம்தானே என்ற எண்ணம், முதல் பொருளின் கடன் தீருமுன்னரே இரண்டாவதை வாங்கத் தூண்டுகிறதே, அதுதான் பெருநஷ்டம். ஒரு தவணை தவறிவிட்டாலோ, கடன் அட்டையின் வட்டி ஆண்டுக்கு நாற்பது சதவீதத்தை எட்டுகிறது.

நல்ல கருவி இருந்தால்தான் நல்ல படம் என்பாரும் உண்டு. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தம் புகழ்பெற்ற படங்களில் பெரும்பாலானவற்றை ஒரு லைக்காவும் ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸும் கொண்டே எடுத்தார். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

"அடியோடு விட்டால்தான் தப்பலாம்" என்பதையும் நான் ஏற்கவில்லை. மனத்துக்கு உல்லாசம் தருகிற ஒரு பழக்கத்தை வேரோடு பிடுங்க முயன்றவர்கள், சில மாதங்களில் முன்னினும் அதிக வேகத்தோடு கடைக்குத் திரும்புவதைக் கண்டிருக்கிறேன். எனக்குப் பயன்பட்டது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு பொருளின் விலையையும், அதைக் கடைசியாகக் கையில் எடுத்த தேதியையும் அதில் குறித்தேன்; ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் சித்திரை மாதத்திலேயே வீட்டாரோடு கலந்து நிர்ணயித்தேன்; ஆசைப்பட்ட பொருளின் பெயரை எழுதி முப்பது நாள் கழித்தே முடிவு செய்தேன்; ஒன்றை விற்றபின்தான் மற்றொன்று. அப்படி எழுதிய பெயர்களில் பாதிக்குமேல் முப்பதாம் நாள் வருமுன் நானே அடித்துவிட்டேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த தீபாவளித் தள்ளுபடி வருவதற்குள் உங்கள் அலமாரியை ஒருமுறை திறந்து, நெடுநாள் தொடாத லென்ஸை வெளியே எடுத்து, டார்ச் விளக்கின் எதிரே பிடித்துப் பாருங்கள்.